எஞ்சினை அணைத்துவிட்டு மாதாவைக் கூப்பிட்டவன்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதாவிட்டால் என் மனைவி ஜெசிந்தா எழுதிவிடுவாள். அவள் எழுதினால் நம் பங்குக் கோயில் இதழில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

என் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல் நாகல் நகரில் வீடு. சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்து டவுன் கடைகளுக்குப் போடுவது தொழில். அதற்கு ஒரு சின்ன லோடு வண்டி. அதன் முன்கண்ணாடியில் மாதா, அந்தோணியார், சவேரியார், செபஸ்தியார் என்று ஒருவரையும் விடாமல் ஒட்டி வைத்திருந்தேன். நடுவில் ஒரு முழ நீளச் செபமாலை ஊசலாடும். "பரலோகம் நல்லாத் தெரியுது. ரோடுதான் தெரியல" என்பாள் ஜெசிந்தா.

வழியில் மாதா கெபி கண்ணில் பட்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அவசரமில்லாமல் சிலுவை போடுவேன். சீட் பெல்ட், போலீஸ் நிற்கிற இடத்தில் மட்டும் தோளில் கிடக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடுவேன். வண்டி தானாக உருளும். டீசல் மிச்சம். அடிவாரத்தில் குடிக்கிற டீ, ஆண்டவரே வாங்கிக் கொடுத்தது போல இனிக்கும்.

போன வருடம் ஈஸ்டர் பாஸ்கா முடிந்து இரண்டாம் ஞாயிறு. ஜெசிந்தாவின் தங்கை மகளுக்குச் சிறுமலைக் கோயிலில் புதுநன்மை விழா. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். விருந்து முடிந்தது. மறுநாளைக்கான தார்களையும் ஏற்றிக்கொண்டு வெயில் தாழ்ந்த நேரத்தில் இறங்கினோம். முதல் வளைவு தாண்டியதும் வழக்கம்போலச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அடங்கியது.

"என்னங்க, லோடு ஏத்தியிருக்கு. எஞ்சினப் போடுங்க."

"நானெல்லாம் இந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டே எறக்குவேன். நீ செத்த நேரம் பேசாம வா."

அவள் பையிலிருந்து செபமாலையை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஜெயித்த சந்தோஷம்.

மூன்று நான்கு வளைவு வரை எல்லாம் அழகாகத்தான் போனது. பிறகு பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்தது போல இருந்தது. இன்னும் அழுத்தினேன். எழுந்து நின்று மிதிக்காத குறை. வேகம் கூடிக்கொண்டேதான் போனது. பின்னால் தார்கள் இடம் மாறிச் சரிகிற சத்தம். கீழே அடுத்த கொண்டை ஊசி வளைவு. அதற்கும் கீழேயிருந்து மேலேறி வரும் பஸ்ஸின் ஹாரன்.

என் வாயில் இருந்த வீராப்பு எல்லாம் வற்றிப்போனது. பிள்ளைகள் முகம் வந்தது. இந்நேரம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் பக்கத்தில் அவர்களுடைய அம்மா. 'தாயே, இவளையாவது வீட்டில் சேர்த்துவிடும்' என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? பழக்கதோஷம். கண்ணை இறுக மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுச் செபத்தில் நான் கண்ணை மூடினால் சாப்பாட்டு வாசனைக்குத்தான் திறப்பேன். அது பங்குக்கே தெரியும். ஆனால் அன்று பாதிச் செபத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது. யாரும் தட்டவில்லை, யாரும் கத்தவில்லை. திறந்த கண்ணில் முதலில் பட்டது சாவி. அதில் கோத்திருந்த சின்னச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினேன். கிளட்சை மிதித்து மூன்றாவது கியரில் தட்டிவிட்டேன். வண்டி முன்னும் பின்னும் குலுங்கி உறுமியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது! இரண்டாவது கியர். வண்டியின் கழுத்தைப் பிடித்து யாரோ பின்னால் இழுப்பது போல வேகம் குறைந்தது. பிரேக்கும் காலுக்கு இளகியது. வளைவுக்கு முன்னால், மலையோரமாக வண்டி நின்றது. அடுத்த நிமிடம் பஸ் வளைவைச் சுற்றி ஏறி வந்தது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம்.

டிரைவர் தலையை நீட்டினார். "என்ன அப்பு, வண்டி நின்னுபோச்சா?"

"நின்னுருச்சுண்ணே! ஆண்டவர் புண்ணியத்துல நின்னுருச்சு!" என்று அழுதுகொண்டே கும்பிட்டேன். அவர் என் வாயை மோந்து பார்க்காத குறைதான்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு முழு பலம் என்றார். எஞ்சினை அணைத்தால் ஓரிரு மிதிதான். பிறகு அது வெறும் கட்டைதானாம். இத்தனை வருடம் என் டீயின் விலை அதுதான். என்னை அத்தனை நாளும் பொறுத்துக்கொண்ட ஆண்டவரை நினைத்தேன். பட்டறை என்றுகூடப் பார்க்காமல் முழங்கால் போட்டுவிட்டேன். பேண்ட்டில் ஒட்டிய கிரீஸ் இன்னும் போகவில்லை.

அன்பானவர்களே, ஆண்டவர் உயிரோடிருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு வருகிறார். அதற்குச் சாட்சி நான். இன்று என் கண்ணாடியில் ரோடு மட்டும்தான் தெரிகிறது. புனிதர்களெல்லாம் வீட்டுச் சுவருக்குக் குடிபோய்விட்டார்கள். சிலுவை போடுவது வண்டி கிளம்பும் முன்னால். பெல்ட் இருவருக்கும் உண்டு. எந்தக் கியரில் ஏறுகிறேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன். பைக் பையன்கள் "அண்ணே, தள்ளிவிடவா?" என்று கேலி செய்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும், அவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். முழுசாக நம்புங்கள். ஆனால் கியரில் போட்டுவிட்டு நம்புங்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அன்று நான் வேண்டியதை ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அவள் அந்தச் செபமாலையை வைத்துக்கொண்டு என்ன வேண்டினாள் என்று நான் கேட்டதே இல்லை. அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"ஜெசி, அன்னைக்கு மலையில நீ என்ன வேண்டிக்கிட்ட?"

அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"உங்க கண்ணு தொறக்கணும்னு."