போகாத பல், போன சொல்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். என் கதை நேர்மாறு. பல் போகாததால்தான் என் சொல் போயிற்று.

கொட்டகலை கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஊசியோடு மல்லுக்கட்டுகிறவன்தான். ஆனால் பல் டொக்டர் கையில் ஊசியைக் கண்டால் என் கால்கள் என் பேச்சைக் கேட்காது. கடைவாய்ப் பல் ஒன்று குடையத் தொடங்கியதும் மனைவி என்னை ஹட்டனுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போய் ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து, பார்மசியில் பஞ்சு வாங்கிக் கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். "புடுங்கியாச்சு" என்று சைகையால் சொன்னேன். அவள் இரக்கப்பட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன்.

வலி வந்தால் அவள் பார்க்காத நேரம் கராம்பு வைத்துச் சமாளித்தேன். கொஞ்ச நாளில் வலி நின்றுவிட்டது. பல்லையே ஜெயித்த வீரன் என்று மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உண்டு. அதுவரை அடங்கியிருந்த சீனி, அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்கிலும் ஏறிக்கொண்டே போனது. பால் விடாத வெறுந்தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிப்பதுதான் எங்கள் பக்கத்து ருசி. அதை நான் விட்டு வருஷக்கணக்காகிறது. மனைவி நம்பவில்லை.

"கடையில ஒளிச்சி வச்சித் திங்கிறீங்க" என்றாள். சீனி டின்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளும் சீனி இல்லாமலே குடித்தாள். காலையில் சீனி நாக்கில் படாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தி, "சத்தியமா நான் சீனியத் தொடல" என்று வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். பட்டென்று அடித்துக் கையை எடுத்துவிட்டால் சுடாது. அது எல்லாருக்கும் தெரியும். நான்தான் அவள் மனம் இளகட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன். அவள் மனம் இளகவில்லை. என் தோல்தான் கழன்றது.

அந்தப் புண் ஆறவேயில்லை. சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையைப் பூட்டினேன். கை போய்விட்டால் பிழைப்பு என்னாவது என்று பயம் பிடித்துக்கொண்டது.

"பொய்ச் சத்தியத்துக்கு சாமி காட்டுது பாருங்க" என்று அவள் அழுதாள். உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் நிற்பது, பல் வலியைவிடப் பெரிய வலி.

கிளினிக்கில் டொக்டரம்மா கையைப் பார்த்தார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு லேசாக வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிச் சிங்களத்தில், "கட்ட அரின்ன" என்றார். பக்கத்திலேயே மனைவி. நான் சிங்களமே தெரியாதவன்போல் விழித்தேன். மறுபடி சொன்னார். திறந்தேன். எட்டிப் பார்த்த மனைவி, பிடுங்கியாச்சு என்று நான் கஞ்சி குடித்த பல், இருந்த இடத்திலேயே கறுத்துப்போய் நிற்பதைக் கண்டாள்.

"வலி நின்டா நல்லம் ஆகின இல்ல" என்றார் டொக்டரம்மா, தனக்குத் தெரிந்த தமிழில். "உள்ளுக்கு சீழ். அதுதான் சீனி ஏத்துறது. சீனி ஏறினா கை ஆறாது. இன்னும் விட்டா ரத்தத்தில போகும், ஹார்ட்டுக்கும் போகும்."

பல்லைப் பிடுங்கினார்கள். நான் போட்ட சத்தத்தில் வரிசையிலிருந்து எத்தனை பேர் பஞ்சு வாங்கப் போனார்களோ. மருந்து உள்ளே போனது, காய்ச்சல் விட்டது, கையும் மெல்ல ஆறியது. மனைவி மட்டும் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

சீனி இறங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, பக்கத்து வீட்டுக்குப் போய் டின்னை வாங்கி வந்தாள். என் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கித் தேத்தண்ணி குடித்தாள். டின்னை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"சீனி விஷயத்துல ஒங்கள நம்புறேங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு போனில் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள்.

"கட்ட அரின்ன."