மீன் ஐஸில் காய்த்த பேரிக்காய்

"எங்கட மரத்துப் பெயார்ஸ் ஒண்ட முழுசாத் திண்டு முடிக்க ஏலாதவனுக்கு எங்கட வீட்டில பொண்ணில்ல. நான் விதையும் மிச்சம் வைக்காமத் திண்டு வந்தனான்!"

குறிஞ்சாக்கேணித் தேநீர்க்கடையில் மீன் வியாபாரி அலியார் இவ்வாறு பிரகடனம் செய்தபோது, பலகாரத் தட்டில் இருந்த ஈக்களும் ஒரு கணம் மரியாதையாக அசையாமல் நின்றன. பெயார்ஸ் என்று அவர் சொன்னது பேரிக்காயை. அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை.

அந்த வீட்டுப் பேரிக்காயின் வரலாறு மகத்தானது. அலியாருடைய மாமியாரின் வாப்பா, கருவாடு விற்க மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போய், ஒரு கன்றோடு திரும்பினார். மரத்துக்குக் குளிர் வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருந்தார்கள். கிண்ணியாப் பக்கத்தில் குளிருக்கு எங்கே போவது? மீன்பெட்டியில் ஐஸ் இருந்தது. வியாபாரம் முடிந்து மிஞ்சிய ஐஸைச் செதிலும் இரத்தமும் குடலுமாக அப்படியே வேரடியில் கொட்டினார். மரம் அதை நுவரெலியா என்று நம்பியதோ, பழிவாங்கத் தீர்மானித்ததோ, காய்த்துவிட்டது.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர். ஆகவே வீட்டோடு மரமும் மகளுக்குப் போனது. வந்த மருமகன் ஐஸ் கொட்டும் பதவியை ஏற்றார். தன் பங்குக்கு ஒரு கன்றும் ஒட்டி நட்டார். அவருக்குப் பின் அலியாரும் அப்படியே. இன்று வீட்டு வளவில் மூன்று மரங்களும், அவற்றின் அடியில் கறுத்து நொதித்த ஒரு சேறும், ஊர்ப் பூனைகளின் பொதுச்சபையும் உள்ளன.

பழத்தையும் சொல்லியாக வேண்டும். கோழிமுட்டை அளவு. கழுவாத சட்டியின் அடி நிறம். கடித்தால் முதலில் மணல்; பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; அது விடுபட்டதும் மூக்கின் பின்பக்கத்தால் முந்தாநாள் சாளை மீன் வந்து சேரும். உள்ளே புழு இருந்தால் அதிர்ஷ்டம். அந்த இடம் மட்டும் கொஞ்சம் மென்மை.

இதைத்தான் பெண் கேட்டு வருகிறவன் சபையில் தின்ன வேண்டும். அலியார் பெண் கேட்டு வந்த நாளில் சிரித்த முகத்தோடு தின்று முடித்ததாக வீட்டு வரலாறு கூறுகிறது. வியர்வை துடைக்கக் கையில் ஒரு லேஞ்சி, அதாவது கைக்குட்டை, வைத்திருந்தாராம். லேஞ்சியைப் பற்றி வரலாறு வேறொன்றும் கூறவில்லை.

மகள் பஹ்மியாவுக்கு வந்த முதல் மாப்பிள்ளை பாதிப் பழத்தில் எழுந்து மரத்தின் பின்னால் ஓடினான். மரம் அதையும் உரமாக ஏற்றுக்கொண்டது. இரண்டாமவன் பழத்தின் மணத்திலேயே திரும்பிப் போனான். மூன்றாவதாக வந்தவன் இன்பாஸ், திருகோணமலை நகரத்தில் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். பஹ்மியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. "இதுவும் குழம்பினா எனக்கு வேற மாப்பிள்ளை பேச வேணாம், வாப்பா" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அலியார் பழங்களைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்பாஸ் ஒரு கடி கடித்தான். மென்றான். மெல்வதை நிறுத்தினான். மிகுந்த மரியாதையோடு எல்லாவற்றையும் சோசரில் திருப்பி வைத்தான்.

"குறை நினைக்காதீங்க மாமா. இத முழுங்க ஏலாது. பழுதான ஃபிரிட்ஜ் எத்தனையோ திறந்திருக்கன். இப்பிடி ஒரு மணம் வந்ததில்ல."

கதவுச் சீலைக்குப் பின்னால் பஹ்மியாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"அப்ப பொண்ணில்ல!" என்றார் அலியார்.

இன்பாஸின் தாய்மாமன் நௌபர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "சரி, அலியார் காக்கா. நீங்க ஒண்டு திண்டு காட்டுங்க. நாங்க எழும்பிப் போறம்."

அலியார் நெஞ்சை நிமிர்த்தி, இருந்ததில் சிறியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். கடித்தார். "தேன்" என்றார். கண்ணில் நீர் நின்றது. சட்டைப் பையிலிருந்து லேஞ்சி வந்து வாயைத் துடைத்தது. மறுபடி கடி, மறுபடி தேன், மறுபடி லேஞ்சி. பழம் குறையக் குறைய லேஞ்சி பருத்தது. கடைசியில் வெறும் காம்பைத் தூக்கிக் காட்டிவிட்டு லேஞ்சியைப் பைக்குள் திணித்தார். நௌபர் எழுந்து செருப்பைத் தேடினார்.

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி நபீஸாவின் குரல், கறிக்கு உப்புக் கேட்பதுபோல, வந்தது:

"இஞ்ச பாருங்க, அந்த லேஞ்சியக் கையோட தாங்க. என்னப் பொண் கேட்டு வந்தண்டு மாதிரி ரெண்டு நாள் பைக்குள்ள வச்சா, பிறகு எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது."

யாரும் சிரிக்கவில்லை. சீலை விலகியிருந்த இடத்தில் பஹ்மியா நின்றாள். அலியார் மகளைப் பார்த்தார். பிறகு தன் பையைப் பார்த்தார். லேஞ்சியை மெல்ல வெளியே எடுத்து, தட்டின் நடுவில் வைத்து, நான்கு மூலைகளையும் விரித்தார். விதையும் மிச்சமில்லாமல் முழுப் பழமும் அதில் இருந்தது.

"மருமகன்," என்றார், தரையைப் பார்த்தபடி. "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."