சும்மா கிடந்த களம்

கண்ணகிக்குப் பயம் என்பதே கிடையாது. சின்னசேலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவாரமே, தண்ணீர் திறந்துவிடுகிறவரைத் தெருவில் நிறுத்தி, நேற்று ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டவர். வேலையிலும் அப்படித்தான். சொந்தமாக ஒரு சென்ட் இல்லை; குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டே மகள் தேவிப்ரியாவை நர்சிங் படிக்க வைக்கிறார்.

சோளம் விளைந்தால் போதுமா, காய வேண்டாமா? ஈரச் சோளத்தை வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். கண்ணகிக்கு ஊர்ப் பொதுக்களத்தை விட்டால் வேறு கதியில்லை. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தால் போதும், சாக்கும் தார்ப்பாயுமாக ஊரே களத்துக்கு ஓடும்.

மாவட்டத் தலைநகர் ஆனபிறகு கள்ளக்குறிச்சி எங்கள் பக்கமாகப் பெருத்துக்கொண்டே வந்தது. கரும்பு நின்ற இடமெல்லாம் கல் நட்டு மனை போட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் தம்பியே ஒரு மனை வாங்கியிருக்கிறான். ஊர் வளர்ந்தால் வீடு எங்கே, கடை எங்கே, விவசாயம் எங்கே என்று யாராவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் மாஸ்டர் பிளான் ஆட்கள் வந்தார்கள். களத்தைக் காட்டி, இது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டார்கள்.

அங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. கண்ணகியின் கணவருக்கு அண்ணன் ஆதிமூலம், முன்னாள் வார்டு மெம்பர். சர்க்கார் இடத்தைப் புழங்குகிறோம் என்றால் ஆக்கிரமிப்பு கேஸ் வரும் என்று பயந்து, "சும்மாதாங்க கெடக்குது" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கண்ணகி அப்போது வயலில் இருந்தார்.

வரைவுத் திட்டம் வந்தபோது களத்தின்மேல் கடை வளாகம் உட்கார்ந்திருந்தது.

"இன்னா மாமா இப்டி பண்ணிட்டீங்க? களம் போச்சுன்னா நான் குத்தகைய வுட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்று கண்ணகி கத்தினார்.

"கேஸ் போட்டா நீயா கோர்ட்டுக்கு அலையப் போற?"

கண்ணகி நேரே மாஸ்டர் பிளான் அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபணை சொன்னார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் அதிகாரி சிவசங்கர்.

அவர் வருவதாகச் சொன்னது நல்ல அறுவடைச் சமயம். களம் நிறையச் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆபீசர் வருகிறார் என்று விடிந்ததும் விடியாததுமாக அத்தனையையும் அள்ளி வீட்டுக்குள் பதுக்கிவிட்டு, களத்தைப் பளிச்சென்று பெருக்கி வைத்தார்கள்! கண்ணகி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டு நிற்கவில்லை, தன் மூட்டைகளை மட்டும் திரும்பக் கொண்டுவந்து நட்டநடுவில் கொட்டிப் பரப்பினார்.

சிவசங்கர் வந்தார். "இது யாரோடது?"

"என்னுதுங்க. வருசா வருசம் இங்கதான் காய வெக்கிறோம். இன்னா கேஸ் போடணுமோ போட்டுக்குங்க."

"மத்தவங்க?"

ஆதிமூலம் முந்திக்கொண்டார். "தம்பி சம்சாரம் மட்டுந்தாங்க. மத்தபடி சும்மா கெடக்குது."

கண்ணகியின் முகம் வாடி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆதிமூலத்தை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அதற்குள் சிவசங்கர் படம் எடுப்பதற்காக ஷூ காலோடு களத்தில் அடி வைக்கப் போனார்.

"சார், சார், செருப்பு!" கூட்டம் மொத்தமும் அலறியது. எல்லாரையும் மிஞ்சிய குரல் ஆதிமூலத்துடையது. "களத்துல செருப்போட ஏறாதீங்க சார்! ஊரு சோறு காயிற எடம்!"

சிவசங்கர் தூக்கிய காலோடு நின்றார். "சும்மா கிடக்கிற இடம்னீங்க. அதுக்கு எதுக்குங்க செருப்பைக் கழட்டணும்?"

சிவசங்கர் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார்.

"களம்னே எழுதிக்கிறேன். கேஸெல்லாம் வராது, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

கண்ணகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினார்.

"மாமா, இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? வூட்ல இருக்கிற சோளத்த எடுத்தாங்க. வெயில் போவுது."