ஹேசலின் கஸ்டர்டு

ஹேசல் மெக்லீஷுக்குக் கஸ்டர்டு ஆகாது. சிறுவயதில் ஆடை படிந்த கஸ்டர்டை முன்னால் வைத்து, தின்றால்தான் எழுந்திருக்கலாம் என்று உட்கார வைத்த டீச்சர் செத்துப்போய்விட்டாள். குமட்டல் மட்டும் சாகவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டு வேலை. எடை ஏறிவிடும் என்ற பயத்தில் சாப்பிட முடியாத நோயோடு வருகிற பெண்களுடன் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவர்கள் தட்டில் இருப்பதையே தானும் வாங்கி, மிச்சமில்லாமல் தின்று காட்ட வேண்டும். நர்ஸ் உதவியாளர் என்று பெயர். அதற்கு முன் பஸ் ஓட்டியவள். "பஸ்ல தகராறு பண்றவனை இறக்கி விட்டுடலாம். இங்க யாரையும் இறக்கி விட முடியாது" என்பாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கிர்ஸ்டி, ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கிறவள். சனிக்கிழமை போட்டி. வெள்ளி இரவு வரை ஒரு வேளையும் தட்டில் மிச்சம் வைக்காவிட்டால் போட்டிக்குப் போய்வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேசைக்கடியில் அவள் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தின்றதைக் கரைக்க அதுவும் ஒரு வழி என்பதால், ஹேசல் தன் கையை அதன்மேல் வைத்து நிறுத்துவாள்.

வெள்ளி மதியம் கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் ஒருவழியாக இறங்கின. பிறகு ஜாம் கேக்கின்மேல் கஸ்டர்டு ஊற்றி வந்தது. கிர்ஸ்டி கரண்டியைக் கீழே போட்டாள்.

"மாட்டேன்."

"பாதி கிணறு தாண்டிட்டே கண்ணு. நாளைக்கு டிரம்மு."

"முதல்ல உங்க கிண்ணத்தைக் காட்டுங்க ஹேசல்."

ஹேசல் சட்டென்று கிண்ணத்தைக் கையால் மறைத்தாள். மறைக்கலாமா? ஒளித்ததைக் கண்டுபிடிப்பதில் அந்த மேசைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஓரமெல்லாம் பூசி வச்சிருக்கீங்க! மிச்சம் கேக்குக்கு அடியில. அது எங்க தொழில், தெரியுமா?"

எதிரே உட்கார்ந்திருந்த ஷோனாவும் நோயாளிதான். எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் பூசியிருக்காங்க. எனக்கே இவ்வளவு நேர்த்தி வராது."

நான் பரிமாறும் வண்டியருகே நின்றிருந்தேன். 'நான் நோயாளி இல்லையே' என்ற பதில் ஹேசலின் வாய்வரை வந்ததைப் பார்த்தேன். அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"சரி, மாட்டிக்கிட்டேன். எனக்கு இது சுத்தமா பிடிக்காது."

"எனக்கும்தான்."

"உனக்கு பயம், எனக்கு குமட்டல். ரெண்டுமே கிண்ணத்தைக் காலி பண்ணாது." என் பக்கம் திரும்பினாள். "அய்லீன், பூசினதுக்குப் பதிலா இன்னொரு கரண்டி ஊத்து."

ஊற்றினேன். ஹேசல் ஒரு வாய் விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. கை தானாக மூக்குக்குப் போனது.

"மூக்கைப் பிடிக்கக் கூடாது. நாங்க பிடிச்சா விடுவீங்களா?" என்றாள் கிர்ஸ்டி.

"விட மாட்டேன். இப்ப உன் முறை."

கிர்ஸ்டி அழுதுகொண்டே எடுத்தாள். அன்பினால் ஒன்றுமில்லை, ஹேசலின் முகம் கோணுவதை அடுத்த முறையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவள் ஒரு வாய், அவள் ஒரு வாய். நடுவில் கிர்ஸ்டி, "நீங்க மனுஷியே இல்ல, பிசாசு" என்றாள்.

"பஸ்ல இதைவிட மோசமா கேட்டிருக்கேன். எடு."

தட்டுகளை எடுக்கும் நேரத்துக்குள் இரண்டு கிண்ணமும் வழித்துத் துடைத்தாயிற்று. அப்புறம், தின்றது உடம்பில் தங்குவதற்காக, கூடத்து சோபாவில் சும்மா உட்கார வேண்டும். கிர்ஸ்டியின் விரல்கள் முழங்காலில் தொடங்கின. ஹேசல் கையை வைத்தாள்.

"நாளைக்கு."

இரவுச் சாப்பாட்டிலும் மிச்சம் இல்லை. சனிக்கிழமை போனாள், சாயங்காலம் திரும்பினாள். நோய் போய்விடவில்லை, இன்னும் பல மாதம் எங்களோடுதான் இருந்தாள். அன்று திரும்பியதும் வாசலிலேயே ஹேசல் கேட்டாள்:

"எப்படி அடிச்சே?"

"ரெண்டு இடத்துல சொதப்பிட்டேன். மூணாவது பரிசு."

"பரவால்ல. கையைக் கழுவிட்டு வா, வெண்ணெய் தடவின டோஸ்ட் ஆறுது. எனக்கும் ஒண்ணு இருக்கு, வேணும்னா தட்டைச் சோதிச்சுக்கோ."

கிர்ஸ்டி சோதித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.