எங்கே போகணும் என்று கேட்ட அக்கா

சென்ற ஆண்டு இதே நாளில், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தபோது, அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா என்னை ஓரமாக அழைத்தார். "தலமாட்டுல நிக்கிறாங்களே, அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். அக்காவோடு வேலை பார்த்த டாக்டர் என்றேன். "டாக்டர் சரிம்மா. யாரு வூட்டுப் பொண்ணு? நமக்கு என்ன உறவு?" என்று மறுபடியும் கேட்டார். அதற்குள் வெளியே பறைச் சத்தம் கிளம்பிவிட்டது. நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் அச்சிடலாம் என்று அக்காவின் மகன் பிரபு சொன்னபோது, அந்தப் பதிலை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் மலர் அச்சாகிவிட்டது.

அக்கா பிறந்ததும் நான் பிறந்ததும் அனந்தபுரத்தில். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். அப்பாவுக்குச் சொந்த நிலம் இருந்தது, கிணறும் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்பது மழையைப் பொறுத்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்த வருடம் எங்களுக்குப் புதுத்துணி, விளையாத வருடம் கேப்பைக் கூழ். அம்மா வயலுக்குப் போய்விட்டால் என்னை வளர்த்தது அக்காதான். தலை வாரிப் பின்னி, ரிப்பன் கட்டி, சோறு போட்டுப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவார். எனக்கு எந்த ரிப்பன் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பசிக்கிறதா என்பதையும் அவரே முடிவு செய்வார். அவ்வளவு அன்பு அவருக்கு. அந்த அன்பை வாங்கிக்கொள்வதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தமிழில் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஊரே கொண்டாடியது. ஆனால் அங்கே அவர் பட்ட பாட்டை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறியதும், ஆசிரியர் அதைச் சொல்லிக் காட்டியதும், விடுதிச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. "எனக்குக் கீழ வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு கஷ்டமும் அண்ட விடமாட்டேன்" என்று அப்போதே மனதில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். பின்னால் வந்த வம்பும் அதனால்தான் வந்தது.

திண்டிவனத்தில் வங்கி வேலையில் இருந்த மாமாவுக்கு அக்காவை மணம் முடித்தார்கள். மாமா தங்கமான மனிதர். பிரபு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அழுதார், காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனார், பிள்ளையை வளர்த்தார். பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் சுலபமாக நடந்தது போலத் தெரிந்திருக்கும். கூட இருந்த எனக்கு அப்படித் தெரியவில்லை.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறையில் சேர்ந்து, அந்தத் துறைக்கே தலைவரானார். நம் உறவினர்களுக்கு அந்தத் துறை என்னவென்று கடைசிவரை புரியவில்லை. இதயமா, எலும்பா, கண்ணா என்று கேட்பார்கள். குழந்தை முதல் கிழவர் வரை ஒரு வீட்டில் இருக்கிற எல்லோரையும் பார்ப்பது, அவர்களோடு வருடக்கணக்காகத் தொடர்பில் இருப்பது, தேவைப்பட்டால் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அக்கா பொறுமையாக விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "அது சரி, எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்?" என்பார்கள்.

நானும் விழுப்புரத்தில்தான் வேலை பார்த்தேன், ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டரில். திண்டிவனத்திலிருந்து இருவரும் காலை பாசஞ்சரில் ஒன்றாகப் போவோம். பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அக்கா தன் துறையில் இருந்த இளம் ஆசிரியர்களின் கதையை ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஜங்ஷன் பிளாட்பாரம் போல அங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர். திண்டிவனத்துக்காரரான டாக்டர் அன்வர், அவர் வீட்டில் பேசுவது உருது. வானூர் பக்கத்திலிருந்து டாக்டர் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை பார்த்துப் பெண்ணை டாக்டராக்கியவர்கள். அன்று தலைமாட்டில் நின்றவர் இந்த ஸ்டெல்லாதான்.

அக்கா இவர்களைத் தாங்கினார். அன்வரின் தமிழைக் கேட்டு மாணவர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும், பெரிய வகுப்புகளைத் தானே எடுத்தார். ஸ்டெல்லாவுக்குக் கைக்குழந்தை இருந்ததால் அலைச்சல் வேலை எதையும் கொடுக்கவில்லை. கல்லூரிக்கு வானூர்ப் பக்கம் ஒரு கிராம மையம் உண்டு. இளம் ஆசிரியர்கள் முறை வைத்து அதைத் தனியாக நடத்த வேண்டும். ஸ்டெல்லாவின் முறை வந்தபோதெல்லாம் அக்கா வேறு ஆளைப் போட்டார், ஆள் இல்லாவிட்டால் தானே போனார். குழந்தை மட்டும் காரணமில்லை. அந்த அப்பா எந்த நிலங்களில் கூலிக்குப் போனாரோ, அந்த நிலக்காரர்களே நோயாளிகளாக வந்து அவர் மகள் முன்னால் உட்கார வேண்டும். யாராவது முகத்தைச் சுளித்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று அக்காவுக்குப் பயம். இதை ஸ்டெல்லாவிடம் அவர் சொல்லவே இல்லை.

அப்புறம் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. கிராம மையத்தைத் தனியாக நடத்திய அனுபவம் உண்டா என்று ஸ்டெல்லாவைக் கேட்டார்கள். இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பதவி போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா திண்டிவனம் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வேலையை விடப்போவதாகச் சொன்னார். அக்கா பதறிப்போய், மேலிடத்தில் பேசுகிறேன், அடுத்த முறை நிச்சயம் வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் குரல் உயரவில்லை.

"மேடம், என்னை ஒரு வார்த்தை கேக்காம எனக்காக நீங்களே பயந்துக்கினு இருந்தீங்க. அந்த ஊருல பயந்தவரு எங்கப்பா. நான் பயப்படல. நான் டாக்டருக்குப் படிச்சதே அங்க போயி உக்காரணும்னுதான்."

மற்றவர்கள் ஒதுக்கியதால் தான் பட்ட வலியை நினைத்து நினைத்து, கடைசியில் தானே ஒரு பெண்ணை ஒதுக்கி வைத்துவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எதையாவது சொல்லி அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. "ஏங்க்கா, நான் கவுண்டர்ல உக்காந்துகினு, எங்க போகணும்னு கேக்காம யாருக்காவது டிக்கெட் குடுக்கிறேனா? நீ மட்டும் ஏன் கேக்காமலே குடுக்கிற?" என்றேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தப்பு என் மேலதாம்மா. இப்ப சொல்லு. உனக்கு எங்க போகணும்?"

கிராம மையம் வேண்டும் என்றார் ஸ்டெல்லா. முறை வரும்போது மட்டும் போனால் போதாது, முழுப் பொறுப்பும் வேண்டும். அக்கா அடிக்கடி போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடாது. இரண்டுக்கும் அக்கா ஒப்புக்கொண்டார். போன் விஷயத்துக்கு ஒப்புக்கொள்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஸ்டெல்லா பொறுப்பேற்ற புதிதில் ஒரு நாள் அக்கா புடவை மாற்றிக்கொண்டு, வானூர் வரை சும்மா போய்விட்டு வரலாமா என்று என்னைக் கூப்பிட்டார். சும்மா போகிற ஆளா அவர்? பஸ் நிலையம் வரை கூடவே போய், ஆளுக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடிக்க வைத்து, வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்தேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மையத்தில் நடந்ததை ஸ்டெல்லாவே பின்னால் சொன்னார். அவர் அப்பா வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், சர்க்கரைப் புண்ணோடு வந்து வாசலில் நின்று, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டாராம். நான்தான் டாக்டர் என்றாராம் ஸ்டெல்லா. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். புண் முற்றிய பிறகு மறுபடி வந்தார். ஸ்டெல்லா கீழே உட்கார்ந்து அவர் காலைத் தன் கையில் வாங்கிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். புண் ஆறியதும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தாராம். ஊர் முழுவதும் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். சிலர் இன்னமும் வண்டி பிடித்துப் பாண்டிக்குத்தான் போகிறார்கள். ஆனால் ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பதவியும் அடுத்த நேர்காணலில் தானே வந்தது.

அதன் பிறகு துறையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் அக்கா முதலில் கேட்ட கேள்வி, "உனக்கு எங்க போகணும்?" என்பதுதான். என் கவுண்டர் கேள்வியைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று நான் வம்புக்கு இழுப்பேன். பழைய ஆட்களையும் விடவில்லை. அன்வரிடம் கேட்டபோது, "என் கிளாஸை எனக்கே குடுத்துடுங்க மேடம். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், தூங்காம இருப்பாங்கள்ல" என்றாராம். இன்று அந்தக் கல்லூரியில் மாணவர்கள் இடம் பிடித்து உட்காருவது அன்வர் வகுப்பில்தான். ஒடிசாக்காரரைக் கேட்டபோது, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்ப வேண்டும் என்றார். நல்ல ஆளை விட்டுவிடுகிறீர்களே என்று மற்றவர்கள் குறைப்பட்டார்கள். அக்கா அவருடைய ஊர்ப்பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்து, இடம் பார்த்துக் கொடுத்து, ரயில் ஏற்றிவிட்டார். டிக்கெட் நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் அக்காவுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. சென்னையில் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் அதனால் கூடுதலாகக் கிடைக்கிற காலத்தின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழியும் என்றார்கள். பிரபு ஹைதராபாத்திலிருந்து ஓடி வந்து எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டான். நான் பையை அடுக்கினேன். உறவினர்கள் எல்லோருமாகக் கூடத்தில் உட்கார்ந்து எந்தக் கார், எந்த வழி என்று பேசிக்கொண்டிருந்தோம். அக்கா உள்ளறையில் ஜன்னல் பக்கம் படுத்துக்கொண்டு நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா வந்தார். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள், அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வையுங்கள் என்று பிரபு அவரிடம் கெஞ்சினான். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்களுக்கு எங்க போகணும்?"

அக்கா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "எங்கயும் வேணாம்மா. வலி இல்லாம இங்கயே இருந்துட்டுப் போறேன். பிரபுதான் பேஜாராவான். அவன்கிட்ட நீ பேசு" என்றார்.

ஸ்டெல்லா பிரபுவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் வெகுநேரம் பேசினார். பிரபு அழுது ஓய்ந்து வந்து, காரைத் திருப்பி அனுப்பினான். நான் பையைப் பிரித்துப் புடவைகளை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அந்த மாதங்களை நாங்கள் நிம்மதியாகக் கழித்தோம் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்டெல்லாவும் அன்வரும் மாறி மாறி வந்து வலிக்கு மருந்து கொடுத்தார்கள். வரும்போதெல்லாம் இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு நாள் அன்வர் வீட்டு நோன்புக் கஞ்சி வேண்டும் என்றார் அக்கா. ஒரு நாள் யாரும் பேசாமல் இருக்க வேண்டும் என்றார், இருந்தோம். ஒரு நாள் என் தலையை வாரிவிட வேண்டும் என்றார். கையில் சீப்பை எடுத்துக்கொண்டு, "ஏண்டி, எப்படிப் பின்னணும்?" என்று கேட்டார். உன் இஷ்டம்க்கா என்றேன். பிறகு ஒரு நாள், காலைப் பாசஞ்சர் போகிற நேரத்தில், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் உடன் இருந்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மருந்தோடு கஞ்சியும் கொண்டு வந்த டாக்டர் அன்வர் வீட்டாருக்கும், வாசலில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்த தெருக்காரர்களுக்கும், கல்லூரியிலிருந்து வந்து நின்ற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், தொலைவிலிருந்து பயணப்பட்டு வந்த உறவினர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். டாக்டர் ஸ்டெல்லாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

அன்று காலை ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லூரிக்காரர்களோடு வாசலிலேயே நின்றிருந்தார். கூடத்தில் நம் சனம் நிறைந்திருந்தது. யாராவது எதையாவது கேட்டு அந்தப் பெண்ணின் மனதை நோகச் செய்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. பேசாமல் உள்ளறையில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி தூரம் போனதும் அக்காவின் நினைவு வந்தது. அருகில் போய், "ஸ்டெல்லா, நீ எங்கம்மா நிக்கணும்?" என்று கேட்டேன்.

"மேடத்தோட தலமாட்டுல, ஆன்ட்டி" என்றார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன்.