விழுந்ததாக எழுதிய நர்ஸ்

ஏற்காடு மலையில், கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் அற்புதம். டிஸ்பென்சரி என்று பேர்தான் பெரிது. ஓடு போட்ட ஒற்றை அறை, ஒரு கட்டில், மருந்து அலமாரி, மேசைமேல் ஒரு நீள நோட்டு. அட்டை கடித்தவர்களும் கவாத்துக் கத்தி பட்டவர்களும் காய்ச்சல்காரர்களும் அங்கேதான் வருவார்கள். யார், என்ன காயம், எப்படிப் பட்டது என்று நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். புருஷன் கிறிஸ்துதாஸ் இறந்த பிறகு அந்த வேலையையும் அதோடு வந்த குவார்ட்டர்ஸையும் விட்டால் அற்புதத்துக்குப் போக்கிடம் கிடையாது.

கவிதா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். அவள் புருஷன் பிரபாகர் எஸ்டேட் ஜீப் ஓட்டினான். ரைட்டருக்குத் தூரத்துச் சொந்தம். ஆளைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வழியில் அற்புதத்தைக் கண்டால் ஜீப்பை நிறுத்தி, "ஏறுங்க சிஸ்டர், மழை வருதுங்க" என்பான்.

முதல் தடவை கவிதா புருவம் கிழிந்து வந்தாள்.

"பாறையில வழுக்கி உழுந்துட்டனுங்க சிஸ்டர்."

தையல் போடக் குனிந்தபோது அற்புதம் அவள் கழுத்தைப் பார்த்தாள். நாலு விரல் தடம், கன்றிப்போய். பார்க்காத மாதிரி நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, 'பாறையில் வழுக்கி விழுந்தது' என்று எழுதினாள்.

அப்புறம் விறகுக் கட்டு சரிந்தது. கதவு இடித்தது. வாசப்படி தடுக்கியது. மூன்று வருஷத்தில் ஏழு தடவை. போகப் போக கவிதா காரணம் சொல்வதைக்கூட விட்டுவிட்டாள்; அற்புதமே ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டாள். கேட்டால் அவளுக்குத்தான் இன்னும் அடி விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, குவார்ட்டர்ஸ் பற்றிய பயம்.

ஆடி மாதம். மூன்று நாளாக மூடுபனி விலகவே இல்லை. காலை எட்டரைக்கு கவிதா, ஆறு வயது மகள் பிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி நீலமாக இருந்தது.

"உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் நோட்டைத் திறந்தாள் அற்புதம்.

"இன்னிக்கு நான் விழுகலீங்க."

அற்புதம் நிமிர்ந்தாள்.

"புள்ளையத் தூக்கிட்டுப் போறேன்னு இழுத்தாருங்க. நான் விடல. கதவு சந்துல கைய வெச்சு நசுக்கிட்டாரு. அப்படியே எழுதுங்க."

"ரைட்டர் பாப்பாரு கண்ணு."

"பாக்கட்டுமுங்க."

அற்புதம் எழுதினாள். பிறகு கதவைத் தாழிட்டு, பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டாள். அந்த எண் இருந்த நோட்டீஸை டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஒட்டி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிர்முனையில் பேசிய பெண் அவசரப்படுத்தவில்லை. அடித்தவர் இப்போது பக்கத்தில் இருக்கிறாரா, குழந்தை கூட இருக்கிறதா, அங்கிருந்து கிளம்ப முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சேலத்தில் பெண்களுக்கான உதவி மையம் இருக்கிறது, எந்த நேரமும் வரலாம், சில நாள் தங்கலாம், வக்கீல் உதவியும் கிடைக்கும் என்றாள்.

பிரபாகர் மாரமங்கலத்துக்கு ஆள் ஏற்றப் போயிருந்தான். மதியம்தான் திரும்புவான். மூன்று பேரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். மலை இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் கவிதா ஜீப் வருகிறதா என்று பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மையத்தில் அமுதா என்ற ஆலோசகர் முதலில் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். கேள்வியெல்லாம் அப்புறம்தான். பெரியாஸ்பத்திரிக்கும் அவரே கூட வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இதே கை முன்னாடியே முறிஞ்சிருக்கு. மாவுக்கட்டு போடாம கோணலாக் கூடியிருக்கு" என்றார்.

அற்புதத்துக்கு அந்தக் கை நினைவிருந்தது. அது அஞ்சாவது தடவை. சுளுக்கு என்று எழுதி, துணிக்கட்டுச் சுற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தாள்.

வராந்தாவில் கவிதா மெல்லச் சொன்னாள்: "மொதத் தடவையே நீங்க கேப்பீங்கன்னு நெனச்சனுங்க சிஸ்டர். கழுத்தப் பாத்தீங்கல்ல. அன்னிக்கு நொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அற்புதத்தால் தாங்க முடியவில்லை.

குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதி, மனு கோர்ட்டுக்குப் போனது. சாட்சி சொல்ல அற்புதத்தைக் கூப்பிட்டார்கள். பிரபாகரின் வக்கீல் எஸ்டேட் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஏழு தடவையும் தானாப் பட்ட காயம்னு எழுதியிருக்கீங்க."

"அது பொய்ங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஏழு தடவை பொய் எழுதினவங்க எட்டாவது தடவை மட்டும் உண்மை எழுதினாங்கன்னு எப்படி நம்பறது?"

"அப்ப வேலை போயிருமோன்னு பயமுங்க. வேறொன்னுமில்லைங்க" என்றாள்.

டாக்டரின் சான்றும் எக்ஸ்ரேயும்தான் கடைசியில் கவிதாவைக் காப்பாற்றின. பிரபாகர் அவளை நெருங்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அவன் வேலையை வைத்துக் கொடுத்தது. அடி வாங்கினவள் மலையை விட்டு இறங்கினாள். அடித்தவன் அங்கேயே ஜீப் ஓட்டுகிறான். கவிதா சேலத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் காய் கழுவுகிறாள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. பிரியா இன்னும் கதவு படாரென்று சாத்தினால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அற்புதத்துக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி ரைட்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, குடும்பத்தைப் பிரித்தவள் என்று, தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் யாரும் வெளியே வரவில்லை. இப்போது ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, ஒற்றை அறை வாடகை.

போன கார்த்திகையில், பிரபாகர் வீட்டுக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். ரெண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டு, அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து லைனுக்குப் போனாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுப் பெண். கையில் மாவோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, யாருங்க நீங்க?"

அற்புதம் சொன்னாள். கவிதாவுக்கு நடந்ததை, தான் செய்ததை, ஒன்றையும் மறைக்காமல்.

"என்கிட்ட நல்லாத்தான் இருக்காருங்க" என்றாள் அந்தப் பெண். முகம் இறுகிவிட்டது. "அவரு வர்றதுக்குள்ள போயிருங்க."

அற்புதம் நீட்டிய சீட்டில் ரெண்டு எண்கள் இருந்தன: 181, தன் போன். அந்தப் பெண் அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அற்புதம் அதை நிலைப்படியில் போட்டு, பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சில்வர் ஓக் மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டே நின்றாள். அந்த வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தப் பெண் சீட்டை உள்ளே எடுத்துப்போனாளா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.