நல்லமுத்து அண்ணன் பேசிய நேரம்

நல்லமுத்து அண்ணனை ஊமை என்று நினைத்தவர்கள் எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் நிறையப் பேர். ஊமையுமில்லை, கர்வமுமில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் கொழுந்து உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர், காது போய்விட்டது. ஒருவர் நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நாலு பேர் கூடிவிட்டால் யார் முடித்தார், யார் தொடங்கினார் என்று பிடிபடாது. அடுத்தவர் பேச்சின் நடுவில் புகுந்து, எல்லோரும் சிரிக்க, கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். மனைவி இருந்தவரை, அவர் பேச வேண்டிய நேரத்தில் முழங்காலில் மெல்லத் தட்டுவாள். அவள் போய் இரண்டு வருடம்.

மகள் ஷாமிலாவைப் பெண் கேட்டு தலவாக்கலையிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. தை மாதமே கல்யாணம் என்றார்கள். அவளுக்கோ கல்வியியல் கல்லூரிக் கடிதம் வந்திருந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் டீச்சராகப் போகும் முதல் பிள்ளை.

"மூணு வருசம் பொறுத்துக்கச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். அண்ணன் தலையாட்டினார்.

அவர்கள் வந்த அன்றைக்கு அண்ணன் வீட்டுச் சின்னக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், பதினாலு பேர். ஷாமிலாவின் தாய்மாமன் செல்லசாமி ஒரு பக்கம், சம்பந்திகள் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரியாக நான். மண்டபம், சமையல், முகூர்த்தம் என்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பேசினோம். அண்ணன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவர் பேசப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பிறகு எல்லோரும் எழுந்தோம். செல்லசாமி வெற்றிலைத் தட்டை அண்ணன் கையில் வைத்தார். பேச்சு முடிவானது பிடிபடாததால், வந்தவர்களுக்குக் கொடுக்கும் உபசார வெற்றிலை என்றே அண்ணன் நினைத்திருக்கிறார். அதை மாப்பிள்ளையின் தகப்பனிடம் நீட்டினார். அவர் தன் தட்டை அண்ணனிடம் கொடுத்தார். தட்டு மாறினால் வாக்குக் கொடுத்ததாகும். அதற்குப் பிறகு மறுபேச்சுக்கு இடமில்லை. எல்லோர் உதடும் ஓய்ந்ததைக் கண்டதும் அண்ணன் முகம் தெளிந்தது.

"எம் மவ படிக்கணுங்க. மூணு வருசம் பொறுத்துக்கங்க."

சம்பந்தி குனிந்து கையிலிருந்த தட்டைப் பார்த்தார். செல்லசாமிதான் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"தட்டு மாத்தியாச்சு மச்சான்."

அண்ணனுக்கு விளங்கவில்லை. செல்லசாமி மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது, திரைக்குப் பின்னால் ஷாமிலா அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. தான் கேட்டதற்கு இனியாவது யாராவது பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார்.